விடுமுறைக்கு வருபவர் யார்?

திரைப்படக் கதைகளுள் ஒரு வகை உண்டு. பட்டணத்தில் வளரும் பிள்ளைகள் இருவரோ மூவரோ, மீசை அரும்பும் பருவத்துப் பையனும் அவனைச் சதா சீண்டும் தங்கையுமாக, பாடசாலை விடுமுறையில் பாட்டன் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். வந்த அன்று அவர்களுக்கு அவ்விடம் சிறிதும் பிடிப்பதில்லை. உணவு வேறாயிருக்கிறது, இரவு மிகவும் இருட்டாயிருக்கிறது, கிழவரோ ஓயாது பேசுகிறார், அல்லது பேசவே மறுக்கிறார். மூன்றாம் நாள் ஒரு பூட்டிய அறையோ, மலையிடுக்கில் ஒரு குகையோ, ஆற்றுக்கு அப்பால் ஒரு பாழ்வீடோ அவர்கள் கண்ணில் படுகிறது. அதன் பின்னர் கதைக்குக் கால் முளைத்துவிடுகிறது. கள்வர் வருவர், பழைய வரைபடம் ஒன்று கிடைக்கும், கிழவரின் இளமைக்கால இரகசியம் வெளிப்படும். முடிவில் பேரப்பிள்ளைகள் கண்ணீர் மல்க வண்டியேறிப் பட்டணம் திரும்புவர். குடும்பத்தோடு கண்டு களிக்கத் தக்கது என்று விளம்பரம் கூறும், அது பொய்யுமன்று.

இவ்வகைப் படங்களை இகழ்வது என் நோக்கமன்று. தலைமுறை இரண்டை ஒரே கூரையின் கீழ் இருத்தி, இடையிலுள்ள தலைமுறையைச் சிறிது காலத்துக்கு வெளியேற்றிவிட்டால் என்ன நிகழும் என்பது எந்தக் கலைஞனுக்கும் ஆசையூட்டும் வினா. ஆயினும் நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இப்படங்களைப் பார்ப்பவனுக்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. இங்கே எத்தனையோ பிள்ளைகள் விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் அவர்கள் இருப்பதே அங்குதான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக அட்டன் பேருந்து நிலையத்தில் பொதிகளோடு வந்து இறங்குபவர்கள் தாயும் தந்தையுமே. விடுமுறைக்கு வருபவர் அவர்கள். திரும்ப வழியனுப்பப்படுபவரும் அவர்களே. இத்தலைகீழ் நிலையை மனத்திற் கொண்டு பார்த்தால், உலகத்தில் பெயர்பெற்ற பாட்டன் பாட்டி கதைகள் சிலவற்றின் உள்ளே மறைந்து கிடக்கும் செய்தி ஒன்று துலங்குகிறது.

அல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடியை எடுத்துக்கொள்வோம். சுவிற்சர்லாந்து எழுத்தாளர் யொஹானா ஸ்பைரி 1880ஆம் ஆண்டு வெளியிட்ட அக்கதை பலமுறை படமாயிற்று. 1937இல் ஹொலிவூட்டில் ஷேர்லி டெம்பிள் அப்பாத்திரத்தில் நடித்தார். உச்சிமலைக் குடிசை, ஆட்டுமந்தை, தீயில் வாட்டிய பாற்கட்டி, முரட்டுத் தாத்தா ஆகியவையே எல்லோர் நினைவிலும் நிற்பன. ஆனால் ஹைடி ஏன் அங்கு வந்தாள்? தாய் தந்தையரை இழந்த அக்குழந்தையை வளர்த்து வந்த சிற்றன்னைக்குப் பிராங்பேர்ட் நகரில் வேலை கிடைத்துவிட்டது. குழந்தையை இடுப்பிற் சுமந்துகொண்டு பிறர் வீட்டில் வேலை பார்க்க முடியுமா? மலையேறி வருகிறாள், ஊரார் அஞ்சும் கிழவரிடம் ஒப்படைக்கிறாள், போய்விடுகிறாள். மலைக்காற்றின் இன்பமெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டுவேலைக்குப் பட்டணம் போகும் ஒரு பெண்ணே அக்கதையின் தொடக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கொரிய நாட்டில் 2002ஆம் ஆண்டு லீ ஜொங் ஹ்யாங் என்னும் பெண் இயக்குநர் எடுத்த படமொன்று இதனினும் நமக்கு அண்மையது. வீட்டை நோக்கி என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். தொழில் நொடிந்த தாயொருத்தி, தலைநகர் சியோலில் வேறு வேலை தேடிக்கொள்ளும் வரையில், ஏழு வயது மகன் சங் வூவை மலைநாட்டுச் சிற்றூரில் உள்ள தன் தாயிடம் விட்டுச் செல்கிறாள். பாட்டிக்கு வாய் பேச வராது. எழுதப் படிக்கத் தெரியாது. முதுகு வளைந்து நிலத்தைப் பார்த்தபடியே நடப்பவள். பையன் கையில் மின்கலத்தால் இயங்கும் விளையாட்டுக் கருவி. அது தீர்ந்து போகிறது. புதிய மின்கலம் வாங்கப் பாட்டி உறங்கும்போது அவள் கொண்டை ஊசியைத் திருடுகிறான். இதுதான் அப்படத்தில் வரும் கொள்ளை. இதற்கு மேற்பட்ட கள்வர் எவருமில்லை.

அப்படத்தின் உயிர்நாடியான காட்சியொன்றைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. கென்ரக்கிப் பொரித்த கோழி வேண்டும் என்று பையன் கேட்கிறான். கோழி என்பது மட்டும் அவன் செய்து காட்டிய சைகையிலிருந்து பாட்டிக்கு விளங்குகிறது. மழையில் நனைந்து சென்று உயிர்க்கோழி ஒன்றை வாங்கி வருகிறாள். அவித்து, முழுதாகப் பாத்திரத்தில் வைக்கிறாள். பையன் அழுகிறான். இது அதுவன்று, தண்ணீரில் ஏன் போட்டாய் என்று ஆத்திரப்படுகிறான். நள்ளிரவில் பசி எழுப்ப, இருட்டில் அமர்ந்து அந்தக் கோழியையே தின்கிறான். மறுநாட் காலையில் பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள். எஞ்சிய கோழியை எடுத்து அவளுக்குப் பரிமாறுகிறவன் அவனே. ஒரு சொல்லும் விளக்கமாகச் சொல்லப்படுவதில்லை. நமது படங்களாயின் அவ்விடத்தில் ஒரு பாட்டும் மூன்று பக்க வசனமும் வந்திருக்கும்.

தமிழில் இதற்கு ஒரு தம்பி உண்டு. மணிகண்டன் இயக்கி, ஒளிப்பதிவும் செய்த 'காக்கா முட்டை' 2014இல் ரொறன்ரோ திரைப்பட விழாவிலும் 2015 ஜூனில் திரையரங்குகளிலும் காட்டப்பட்டது. இந்திய அரசின் சிறந்த சிறுவர் திரைப்பட விருதைப் பெற்றது. அண்ணன் தம்பியாக வந்த விக்னேஷும் ரமேஷும் சிறந்த குழந்தை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டனர். சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் தாயோடும் ஆயாவோடும் வாழும் இரு சிறுவர், தந்தை சிறையில், தாய் அவனை மீட்கப் பணம் சேர்க்கிறாள். பிள்ளைகள் பள்ளியை விட்டு, இருப்புப்பாதையோரம் சிந்திய கரி பொறுக்கி விற்கின்றனர். அவர்கள் காக்கை முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டி, விளையாடிய வெளியை வளைத்து, அங்கே ஒரு பீட்சாக் கடை எழுகிறது. ஒன்றின் விலை ஏறத்தாழ 300 ரூபாய். அதைத் தின்றே தீர்வது என்பது அவர்கள் மேற்கொண்ட வீரப்பயணம். கடல் கடந்து புதையல் தேடிப் போகும் சிறுவர் கதைகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று; இங்கே கடக்க வேண்டியிருப்பது ஒரு கண்ணாடிக் கதவு.

அதில் வரும் ஆயா செய்வது என்ன? கடையின் விளம்பரத் தாளிலுள்ள படத்தைப் பார்க்கிறாள். கல்லில் தோசை வார்த்து, அதன்மேல் தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் அடுக்குகிறாள். பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குகின்றனர். படத்தில் இருப்பதுபோல் நூல் நூலாக இழுபடவில்லையே! கொரியப் பாட்டியின் அவித்த கோழியும் சென்னை ஆயாவின் காய்கறித் தோசையும் அக்காள் தங்கையர். பட்டணம் விளம்பரம் செய்த பண்டத்தைப் பட்டணம் அறியாத கை செய்து பார்க்கிறது; தோற்கிறது. ஆயா இறந்த பிறகு, பல அவமானங்களையும் தாண்டிப் பிள்ளைகள் உண்மையான பீட்சாவின் முன் அமர்த்தப்படுகின்றனர். தின்று பார்க்கின்றனர். ஆயா செய்ததே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. படம் அந்த இடத்தில் நின்றுவிடுவது மணிகண்டனின் கலையறிவுக்குச் சான்று.

இம்மூன்றிலும் வீரச்செயலுக்கு முன் ஒரு வயிற்றுப்பாடு இருக்கிறது. வேலைக்காகப் போனவள், தொழில் இழந்தவள், கணவனை மீட்க உழைப்பவள் என ஒரு நடுத்தலைமுறைப் பெண் கதையின் வாயிலில் நின்று, உள்ளே வராமலே மறைகிறாள். விடுமுறைப் படங்கள் செய்யும் தந்திரம் யாதெனில், அவளுடைய துயரத்தை விடுமுறை என்ற இனிய சொல்லால் மூடிவிடுவதே. நோட்டன் பிரிட்ஜிலோ மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ அந்த மூடுதுணி நிற்பதில்லை. தோட்டக் கூலி போதாமையால் மத்திய கிழக்குக்குச் சென்ற தாய்மாரும், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்க்கும் தந்தை தாயரும் லயங்களில் விட்டுச் சென்ற பிள்ளைகள் அம்மாயியின் பிள்ளைகளாகவும் அப்பாயியின் பிள்ளைகளாகவுமே வளர்கின்றனர். 2013ஆம் ஆண்டு இலங்கை அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணியாளாகச் செல்லலாகாது, ஏனைய தாய்மாரும் குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்றைக் காட்ட வேண்டும். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தனர். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு அவ்வறிக்கையில் விடை எழுத வேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து கொய்து ஓய்ந்த ஒரு கிழவியின் பெயர் அந்த இடத்தில் வந்து அமர்கிறது. அவள் செய்யும் பணிக்கு அரசாங்கத் தாளில் கிடைக்கும் அங்கீகாரம் அவ்வளவே.

இனி, வீரக்கதைக்கு வேண்டிய பொருள் இவ்வூரில் உண்டா என்று கேட்பாரும் இருப்பர். இல்லாதது எது என்று கேட்பதே எளிது. ஊருக்குப் பெயர் கொடுத்த பாலத்தின் அருகே கெசல்கமுவ ஓயாவை மறித்து நிற்கிறது நோட்டன் அணை. இங்கு தேங்கும் நீரே மலைக்குள் இறங்கி, 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே வாதாடிய பொறியியலாளர் விமலசுரேந்திராவின் பெயர் தாங்கிய நிலையமும் அருகிலேயே உண்டு. இத்தனை ஒளி பிறந்த மலையில் பல லயங்களில் பல்லாண்டு காலம் குப்பி விளக்கே எரிந்தது என்பதைத் தாத்தாமார் சிரித்துக்கொண்டே சொல்வர். அபர்டீன் அருவி 98 மீற்றர். லக்சபான அருவி 126 மீற்றர். கடம்பு மரமில்லாத குறையாகக் குளவிகள் கற்பாறையிலும் தேயிலைச் செடியிலும் கூடு கட்டி வைத்திருக்கின்றன. காட்டோரத்துத் தேயிலையில் சிறுத்தை நடமாடுகிறது. தோட்டத்தார் அதைப் புலி என்றே சொல்வர். பாடசாலைக்குப் போகும் வழியில் அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துவிட்டே போக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண் எப்போது சரியும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இரகசியமும் உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா நோக்கி வந்த மார்ட்டின்எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேரும், ஆக 191 பேரும் மாண்டனர். அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது. அன்று இளைஞராயிருந்தோர் இன்று தாத்தாமார். பக்கத்திலே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியிருக்கிறது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது மூழ்கிய கோயிலின் கற்கள் மேலே தெரிகின்றன. நீருக்கடியில் ஒரு கடைத்தெரு. அதில் மிட்டாய் வாங்கித் தின்ற ஒருத்தி இன்னும் லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள். ஹொலிவூட்டுக் கதாசிரியன் இதைக் கற்பனை செய்ய ஆறு மாதம் அறை எடுத்துத் தங்குவான்.

ஹொலிவூட் இப்பக்கம் வராமலுமில்லை. நோட்டன் அணையைத் தாண்டி இறங்கும் கெசல்கமுவ ஓயா மஸ்கெலி ஓயாவோடு கூடி, களனி கங்கையாகிக் கித்துள்கலையைக் கடக்கிறது. அங்கேதான் டேவிட் லீன் 'குவாய் ஆற்றின் மேற் பாலம்' படத்துக்குப் பெரும் மரப்பாலம் ஒன்றைக் கட்டுவித்து, 1957 மார்ச்சில் புகைவண்டியோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார். பிரதமர் பண்டாரநாயக்காவும் அதைக் காண வந்திருந்தார். உலகம் முழுதும் பார்த்த அப்படத்தில் நம் ஆறு தாய்லாந்து ஆறாக நடித்தது. பின்னர் 1983இல் ஸ்பீல்பேர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் வந்தபோது கண்டி மலைகள் இந்தியக் கிராமமாக நடித்தன. மலையகத்துக்கு நடிக்கத் தெரியும். தன் பெயரிலேயே தோன்றத்தான் வாய்ப்புக் கிடைப்பது அரிது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் 1963இல் வந்த 'தோட்டக்காரி'யும், வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 1975ஆம் ஆண்டின் 'புதிய காற்று'ம், 2013இல் சுமதி சிவமோகன் இயக்கிய 'இங்கிருந்து'ம் தோட்டத்தைத் தோட்டமாகவே காட்ட முயன்றவை. பெரியவர்களின் காதலும் போராட்டமும் அவற்றிற் பேசப்பட்டன. பிள்ளைகளின் கண்மட்டத்துக்குக் கருவியை இறக்கி வைத்து, லயத்திற்குள்ளிருந்து மலையைப் பார்க்கும் படம் ஒன்றையே நாம் இன்னும் எதிர்நோக்கியிருக்கிறோம்.

சிங்களத்தில் சிறுவர் வீரக்கதைக்கு ஒரு முதன்மையான சான்று உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' நாவல் 1947இல் வெளிவந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் அதைப் படமாக்கினார். உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடி, கொக்கலைக் களப்பிலுள்ள ஆளில்லாத் தீவொன்றை அடைந்து, காடு வெட்டிப் பயிர் செய்து தமக்கென ஓர் உலகம் அமைத்துக்கொள்கின்றனர். படிக்கும்தோறும் மகிழ்ச்சி தரும் கதை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய தீவு எங்கே கிடைக்கும்? இங்குள்ள ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. ஒவ்வொரு நிரைக்கும் கணக்கு உண்டு. காட்டுக்குள் ஓடினாலும் அது ஒதுக்குக் காடாக இருக்கும். பாட்டி இருக்கும் அறையே பாட்டியுடையதன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னே ஒரு வாசல். சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமுவது கேட்கும். பாட்டன் வீட்டின் பூட்டிய அறை என்ற கற்பனை, அறைகள் பல உடைய வீட்டார் செய்த கற்பனை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் 2015க்குப் பின்னர் சில தோட்டங்களில் நடைபெற்று, சிலர் உறுதிப்பத்திரமும் பெற்றுள்ளனர். பெரும்பாலோர் இன்னும் வெள்ளையர் காலத்து லயங்களிலேதான்.

பாட்டன் வீடு என்பதையே ஒரு தலைமுறையினரிடமிருந்து பறித்த கதை இன்னும் கொடியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தப் பின்னர் 1974இல் வந்தது. பாதி இங்கே, பாதி அங்கே. இலக்கங்களைப் பங்கிடுவது எளிது. தாத்தா இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இலங்கைப் பிரசாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தான். ஒரே காம்பராவில் உறங்கி எழுந்த பேரனும் பாட்டனும் இரு நாட்டவர் ஆயினர். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பல், மண்டபம் முகாம், பின்னர் நீலகிரி. தாயகம் திரும்பினோர்க்கு வேலை கொடுக்கவென 1968 முதல் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து கொய்த எத்தனையோ தாத்தாமாருக்கு அட்டனிலும் மஸ்கெலியாவிலும் பேரப்பிள்ளைகள் இருந்தனர். 1984இல் போரினால் கப்பலும் நின்றது. விடுமுறைக்குப் பாட்டி வீடு போவதற்கு அப்பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன. கூலிக்காரன் மகனுக்கு அவை எட்டாக்கனி. எஞ்சியோருக்கு இந்நாட்டுப் பிரசாவுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே மலையகத்தில் பேரனும் பாட்டியும் சேர்ந்திருத்தல் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் ஒப்பந்தம் பாட்டனைப் பிரித்துச் சென்றது. பின்னர் வறுமை தாயைப் பிரித்துச் சென்றது. இன்று எஞ்சியிருக்கும் பாட்டியும் பதினைந்து வயதுப் பேத்தியும் அக்காம்பராவில் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்திக்கொள்கின்றனர் என்பதே நம் கதாசிரியர் நோக்க வேண்டிய இடம். அம்மாயிக்கு எழுத்து வராது. பாடசாலையிலிருந்து வரும் அறிவித்தலைப் படிப்பவள் பேத்தி. அதிற் கைந்நாட்டு வைப்பவள் அம்மாயி. அறிவித்தலில் உள்ளதைப் பேத்தி முழுதும் சொன்னாளா என்பது பேத்திக்கு மட்டுமே தெரியும். ஆசிரியர்கள் இவ்விடத்தில் புன்னகை செய்வர் என்று எண்ணுகிறேன்; அவர்களுக்கும் அது தெரியும். தொலைபேசியின் சிறு கண்ணாடியில் குவைத்திலிருந்து தாயின் முகம் வரும். இரு தலைமுறையும் அதன்முன் நெருங்கி அமர்ந்து, எல்லாம் நலம் என்று ஒரே பொய்யை இரு குரலில் சொல்லும். கூரையொழுகுவதும், கணிதத்தில் இருபது புள்ளி எடுத்ததும், அம்மாயிக்கு மூச்சு வாங்குவதும் அங்கே சொல்லப்படா. இருவருக்கும் இடையே உள்ள இந்த உடன்படிக்கையில் ஒரு முழுப் படத்துக்குரிய கதை இருக்கிறது.

வீரச்செயலைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. 2020இலும் 2021இலும் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசி வழியாக நடந்தபோது, ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து, பாறையுச்சியில் ஏறி, அலைவரிசை எட்டும் இடத்தில் அமர்ந்து படித்ததைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு அது. பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர்களும் சென்றனர். மலையேறிப் போய்ப் புதையல் எடுத்து வரும் கதைக்கும் மலையேறிப் போய் வீட்டுப்பாடம் எடுத்து வரும் இக்கதைக்கும் வேறுபாடு என்னவென்றால், பின்னதில் மறுநாளும் ஏற வேண்டும்.

இத்தகைய கதையை எடுக்க முன்வரும் இளைஞர்கள் இப்போது மலையகத்தில் உள்ளனர். கையடக்கக் கருவிகளைக் கொண்டே குறும்படங்கள் செய்கின்றனர். கண்ணீரை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. லயத்தைக் காட்டும்போதெல்லாம் பின்னணியில் புல்லாங்குழல் அழ வேண்டியதில்லை. காமன் கூத்தில் இளமையில் ரதி வேடங்கட்டி ஆடிய தாத்தா, பேரனுக்கு அடவு சொல்லிக் கொடுக்கையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிரிப்பும் அங்கே உண்டு. தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தபோது அவற்றில் ஒப்பாரியை மட்டும் கண்டாரல்லர். கங்காணியைக் கேலி செய்யும் குறும்பையும் கண்டார். பாட்டிமார் குறும்பு மிக்கவர்கள். படங்களில் அவர்களைத் தெய்வமாக்கி மூலையில் இருத்துவதால் இழப்பு படத்துக்கே.

கொரியப் படத்தின் இறுதியை இங்கு நினைவுகூர வேண்டும். தாய் திரும்பி வந்து அழைத்துப் போகுமுன் சங் வூ பாட்டிக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கிறான், எழுத்து வரவில்லை. நோயுற்றால் வெறுந்தாளையாவது அனுப்பு, உன்னுடையது என்று அறிந்து ஓடி வருவேன் என்கிறான். அவள் கண்ணுக்கு ஊசித்துளை தெரியாதென்பதால், வீட்டிலுள்ள ஊசிகளிலெல்லாம் இரவோடிரவாக நூல் கோத்து வைத்துவிட்டுப் போகிறான். ஏழு வயதுப் பிள்ளை பாட்டிக்குச் செய்யக்கூடிய பணிவிடை அவ்வளவுதான். அதற்கு மேற்பட்டதாகவும் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாட்டியாக நடித்த கிம் உல் பூன் நடிகையல்லர். யொங்டொங் மலைநாட்டைச் சேர்ந்த ஒரு கிராமத்து மூதாட்டி. எழுபத்தைந்து வயதைக் கடந்து முதன்முறையாகக் கருவியின் முன் நின்றவர். படம் பெருவெற்றி பெற்றது. அதன் பின்னர் அவர் வீட்டு வாசலில் அந்நியர் கூட்டம் ஓயவில்லை. செய்தியாளர் வந்தனர், வேடிக்கை பார்ப்போர் வந்தனர். கதவைத் தாழிட்டும் அமைதி கிட்டாமையால், ஆண்டாண்டு காலம் வாழ்ந்த அந்த மலைவீட்டை விட்டு அவர் சியோல் நகரில் தம் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தார். 2021ஆம் ஆண்டு தமது 95ஆம் வயதில் காலமானார்.